மூன்றாவது வால்வு

தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், அது மக்கர் செய்யும் நாளில் அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி வைக்க மறந்துவிடுகிறார்கள்.

பெங்களூரின் கிழக்கு விளிம்பில், ஒயிட்ஃபீல்டைத் தாண்டி ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது. மின்சாரம் இருக்கிறது. தரைக்கடியில் உள்ள சம்ப்பில் பத்தாயிரம் லிட்டர் தளும்புகிறது. ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்தால் வாயில் வைக்க முடியாத உப்பு. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நிற்கும் வாட்டர் சாஃப்ட்னர், முந்தைய இரவு உப்புக் கரைசலை உறிஞ்சிக்கொண்டது. அதை அலசி வெளியேற்ற வேண்டிய கட்டத்தில் மக்கர் செய்துவிட்டது. விற்றவருக்குப் போன் செய்தால் “நாளைக்கு ஆள் வரும்” என்று பதில். அதுவரை? மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறும் குழாய் அந்த இயந்திரத்தின் வழியாகத்தான் போகிறது. வேறு வழியே இல்லை. சம்ப்பின் மூடியைத் திறந்து, வாளியில் கயிறு கட்டி இறைக்க வேண்டியதுதான்.

இந்த வீட்டில் இல்லாமல் போனது பெரிய பொருள் ஒன்றுமல்ல. இரண்டு ‘டீ’ இணைப்புகள், மூன்று வால்வுகள், கைநீளத்துக்குக் குழாய். பிளம்பர்கள் இதை பைபாஸ் என்கிறார்கள். இதயத்துக்கு பைபாஸ் அடைப்பு வந்த பிறகு. ஊருக்கு பைபாஸ் நெரிசல் வந்த பிறகு. சாஃப்ட்னருக்கு மட்டும் முதல் நாளே செய்துவிட வேண்டும். பிறகு செய்வதென்றால், ஓடிக்கொண்டிருக்கும் குழாயை அறுத்துச் செய்ய வேண்டியிருக்கும். அதுவும் தண்ணீர் இல்லாத நாளாகப் பார்த்து.

பெங்களூரில் சாஃப்ட்னருக்கு ஏன் இத்தனை கிராக்கி என்பதை அந்த ஊரின் வரைபடமே சொல்லும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் நகரத்துக்கு, ஏறக்குறைய 100 கி.மீ. தொலைவிலிருந்து காவிரி நீரை மேட்டில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டத் திட்டம் 1974-ல் வந்தது. 2007-ல் மாநகராட்சி விரிந்தபோது சேர்த்துக்கொள்ளப்பட்ட 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்ற கணக்கில், 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பகுதிகள் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியே வளர்ந்தன. கருங்கல் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தேங்கி நிற்கும் நீர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. கீசரின் கம்பிச்சுருளில் சுண்ணாம்பு ஏறி ஒரு நாள் அது கருகும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி (ஐ.எஸ். 10500, 2012) ஒரு லிட்டரில் 200 மி.கி. வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மி.கி. வரை அனுமதிக்கிறது. ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். கடின நீர் விஷமல்ல. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தைக் காரணம் காட்டி இதற்கு வரம்பு எதையும் விதிக்கவில்லை. சாஃப்ட்னர் காப்பாற்றுவது கீசரை, குழாய்களை, துவைக்கும் இயந்திரத்தை. நம்மை அல்ல.

உப்பை எடுக்க உப்பு

தமிழில் கடின நீரை ‘உப்புத் தண்ணீர்’ என்றே சொல்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்த உப்பை எடுக்கும் இயந்திரம் சாப்பாட்டு உப்பில்தான் ஓடுகிறது. உருளைக்குள் இருக்கும் ரெசின் என்பது பொன்னிறத்தில் கடுகை விடச் சிறிய மணிகள். ஒவ்வொரு மணியும் சோடியத்தைச் சுமந்துகொண்டிருக்கும். தண்ணீர் கடந்து போகும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விட்டுவிடும். பண்டமாற்றுதான். மண்ணுக்குள் இப்படி ஒரு பண்டமாற்று நடப்பதை இங்கிலாந்தில் தாம்ப்ஸனும் வேயும் 1850-ல் எழுதிவைத்தார்கள். இன்றைய செயற்கை ரெசினுக்கு 1935-ல் அதே நாட்டின் ஆடம்ஸும் ஹோம்ஸும் வழி திறந்தார்கள்.

கொடுக்கச் சோடியம் தீர்ந்துவிட்டால் மணிகள் ஓய்ந்துவிடும். கெட்டியான உப்புக் கரைசலை உள்ளே செலுத்தினால் பிடித்துவைத்த கால்சியம் கழன்று சாக்கடைக்குப் போகும். ரெசின் மறுபடி வேலைக்குத் தயார். இது எத்தனை நாளுக்கு ஒரு முறை? ஐந்து பேர் உள்ள வீடு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசுக் கணக்குப்படி 675 லிட்டர். நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மி.கி. ரெசின் 25 லிட்டர். ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 3,100 லிட்டர் சொச்சம் தாங்கும். அதாவது நாலரை நாள். ஒவ்வொரு முறையும் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உப்பு. மாதம் ஏறக்குறைய 25 கிலோ.

அந்தச் சோடியத்தில் ஒரு பங்கு குழாயில் வருகிறது. லிட்டருக்கு 100 மி.கி. கடினத்தை எடுத்தால் 46 மி.கி. சோடியம் சேரும். 400 மி.கி. என்றால் 184. இரண்டு லிட்டர் குடிக்கிறவரின் உடலில் 368 மி.கி. சோடியம், சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் கிட்டத்தட்ட ஒரு கிராம். ஒரு நாளுக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆரோக்கியமானவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் சொன்னதால் வீட்டுப் பெரியவருக்கு ஊறுகாயை நிறுத்தியாயிற்று, அப்பளத்தை நிறுத்தியாயிற்று. குடிக்கும் தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் உப்பைப் பரிமாறிக்கொண்டிருக்கும். சமையலறையில் ஆர்.ஓ. கருவி இருந்தால் அது சோடியத்தின் பெரும்பகுதியை வடித்துவிடும். இல்லாத வீட்டில், குடிநீருக்கான குழாயை சாஃப்ட்னருக்கு முன்பாகவே பிரித்து, அந்த நீரைப் பரிசோதித்து, கிருமி நீக்கிக் குடிப்பதே முறை.

நேர் சாலையும் கிளைத் தெருவும்

பைபாஸ் அமைப்பைப் புரிந்துகொள்ளப் படம் வேண்டாம். மோட்டாரிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் குழாயை நேர் சாலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்னர் ஒரு கிளைத் தெருவில் இருக்கிறது. நேர் சாலையில் இரண்டு இடங்களில் ‘டீ’. முதல் டீயிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையும் குழாயில் ஒரு வால்வு, இது 1. இயந்திரத்திலிருந்து வெளியேறி இரண்டாவது டீயில் சேரும் குழாயில் இன்னொன்று; இது 2. இரண்டு டீக்களுக்கும் நடுவே, நேர் சாலையிலேயே ஒன்று, இது 3.

சாதாரண நாட்களில் 1, 2 திறந்திருக்கும், 3 மூடியிருக்கும். தண்ணீர் கிளைத் தெருவுக்குள் போய்த்தான் வர வேண்டும். பழுது என்றால் முதலில் 3-ஐத் திறந்து, பிறகு 1-ஐயும் 2-ஐயும் மூட வேண்டும். வரிசை முக்கியம். மோட்டார் ஓடும்போது 3-ஐத் திறக்காமல் 1-ஐ மூடினால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் முழுவதும் குழாய் மூட்டுகளின் தலையில்தான் விழும். மோட்டாரை நிறுத்திவிட்டுத் திருப்புவது இன்னும் நல்லது.

வேலை ஆரம்பிக்கும்போதே கவனிக்க வேண்டியவை சில. வால்வுகள் கால் சுற்றில் திறந்து மூடும் பால் வால்வுகளாக இருக்கட்டும். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதைக் கைப்பிடியைப் பார்த்தாலே தெரியும். குழாயின் அளவுக்குக் குறையாத அளவில் வாங்க வேண்டும். 1-க்கும் இயந்திரத்துக்கும் இடையில் ஒரு யூனியன், இயந்திரத்துக்கும் 2-க்கும் இடையில் ஒரு யூனியன் அவசியம். யூனியன் இல்லாத பைபாஸ் தண்ணீரைத் திருப்பிவிடும். இயந்திரத்தைக் கழற்ற விடாது. பழுது பார்க்க வருகிறவர் ரம்பத்தை எடுப்பார்.

இயந்திரத்தின் தலையில் உள்ளே, வெளியே என்று அம்புக்குறி இருக்கும். அதை மாற்றிப் பொருத்துவது அடிக்கடி நேரும் தவறு. தண்ணீர் தலைகீழாகப் பாய்ந்தால் ரெசின் மணிகளையும் அள்ளிக்கொண்டு போகும். ஷவரில் பொன்மணிகள் கொட்டும். பிளாஸ்டிக் குழாயை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, சால்வென்ட் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிறகு டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை மோட்டாரைத் தொடக்கூடாது. பித்தளை மரையை பிளாஸ்டிக் மரைக்குள் பலத்தைக் காட்டி முறுக்கினால் அன்று கசியாது. ஒரு மாதம் கழித்து விரிசல் விடும். கழிவுநீர்க் குழாயின் முனையைச் சாக்கடைக்குள் அமிழ்த்தாமல் மேலே இடைவெளி விட்டு நிறுத்துவதும் கட்டாயம். இல்லையென்றால் என்றாவது ஒரு நாள் சாக்கடை நீர் பின்னோக்கி இழுக்கப்படும்.

மறுபடி இணைக்கும்போது அவசரம் கூடாது. 1-ஐக் கொஞ்சமாகத் திறந்து, இயந்திரத்தின் வெளிவாயில் அருகே வைத்த சிறு குழாய் வழியாகக் காற்றும் கலங்கலும் போன பிறகு 2-ஐத் திறக்க வேண்டும். கடைசியில் 3-ஐ மூட வேண்டும். அந்தச் சிறு குழாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பிறகு.

“மெஷின்லயே பைபாஸ் இருக்கே சார், எதுக்கு வீணா மூணு வால்வு?” என்று பிளம்பர் கேட்கக்கூடும். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. சில இயந்திரங்களின் தலையிலேயே பைபாஸ் நிலை இருக்கிறது. தன்னைக் கழுவிக்கொள்ளும் நேரத்தில் பல தானியங்கித் தலைகள் கடின நீரை நேராக அனுப்பிவிடும். ஆனால் பழுதாவது பெரும்பாலும் அந்தத் தலைதான். தலையையே கழற்றிக்கொண்டு போனால் அதற்குள் இருக்கும் பைபாஸும் கூடவே போய்விடும். வெளியே குழாயில் இருப்பது வீட்டோடு இருக்கும். விலைப்பட்டியல் வாங்கும்போதே பைபாஸ் தனி வரியாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அந்த வரி மிகச் சிறியது.

திருப்பிவிட வேண்டிய நாட்கள்

பழுது மட்டும் காரணமல்ல. சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் சாஃப்ட்னரைச் சுற்றித்தான் தண்ணீர் போக வேண்டும். மிகுந்த குளோரின் ரெசினைச் சிதைக்கும். கோடையில் டேங்கர் கலங்கல் நீரைக் கொட்டினாலும், போர்வெல்லை ஆழப்படுத்திய பிறகு சேறாக வந்தாலும் அப்படியே. சேறும் இரும்புத் துருவும் மணிகளின் மேல் படிந்தால் எவ்வளவு உப்பு போட்டாலும் பயனில்லை. ஆற்று நீர் பொதுவாக போர்வெல் நீரை விட மென்மையானது. மழைநீரிலோ கடினத்தன்மை இல்லையென்றே சொல்லலாம். பெங்களூரில் மழைநீர் சேகரிப்பு 2009-ல் சட்டமானது. சம்ப்பில் மழைநீர் நிறைந்திருக்கும் வாரத்தில் சாஃப்ட்னரை ஓடவிடுவது, மழை பெய்யும்போது தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

தோட்டம் என்றதும் இன்னொன்று. சோடியம் ஏறிய நீர் மண்ணின் கட்டமைப்பைக் கெடுக்கும். மண் இறுகி நீரை உறிஞ்ச மறுக்கும். தோட்டக் குழாயும் கார் கழுவும் குழாயும் சாஃப்ட்னருக்கு முன்பாகவே பிரிய வேண்டும். கழிப்பறை ஃப்ளஷுக்கு மட்டும் ஆளுக்கு 45 லிட்டர் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வீடு கட்டும்போதே அதற்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வைத்து நேர் நீரைக் கொடுத்தால், மாதம் 25 கிலோ உப்பு 17 கிலோவாகக் குறையும். ஃப்ளஷ் வால்வில் கொஞ்சம் சுண்ணாம்பு படியும், துடைத்துக்கொள்ளலாம்.

அந்த உப்பு எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். அது அழிவதில்லை. சாக்கடைக்கோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ போகிறது. சுத்திகரித்த நீரைச் செடிகளுக்குப் பாய்ச்சும்போது உப்பும் சேர்ந்தே பாய்கிறது. கழிவைச் சோம்பலில் மழைநீர்க் குழிக்குள் விட்டுவிட்டால் சொந்த போர்வெல்லுக்கே உப்பு ஊட்டியதாகிவிடும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாரிடா பள்ளத்தாக்கில், ஆற்றில் உப்பு ஏறுவதைத் தடுக்க, உப்பில் ஓடும் வீட்டு சாஃப்ட்னர்களை அகற்றும்படி 2008-ல் மக்களே வாக்களித்தார்கள். இங்கே அந்த நிலை வராமல் இருக்க வேண்டுமானால், தேவையான நீரை மட்டும் மென்மையாக்கும் பழக்கம் வேண்டும். பைபாஸ் என்பது பழுதுக்கான அவசர வழி மட்டுமல்ல, சிக்கனத்துக்கான கைப்பிடியும்கூட.

கசியும் காவலாளி

பைபாஸுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. மூன்றாவது வால்வின் உள்ளிருக்கை தேய்ந்து அது லேசாகக் கசிந்தால், யாருக்கும் தெரியாமல் கடின நீர் மென்னீரோடு கலந்துகொண்டிருக்கும். குழாயிலிருந்து வெளியே ஒரு சொட்டும் விழாது. வாளியில் மறுபடி வெள்ளைப் படிவு தெரியும். வீட்டுக்காரர் இயந்திரத்தைச் சந்தேகிப்பார், உப்பைக் கூட்டுவார். ரெசினையே மாற்றச் சொல்கிறவர்களும் வருவார்கள். குற்றவாளியோ கண்ணெதிரே சும்மா நிற்கும்.

பிடிப்பது எளிது. சோதனைக்கு டி.டி.எஸ். மீட்டர் உதவாது. சாஃப்ட்னர் கரைந்த பொருளின் மொத்த அளவைக் குறைப்பதில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத்தான் வைக்கிறது. அந்த மீட்டரைக் காட்டி சாஃப்ட்னரின் திறமையைப் பேசுகிறவரிடம் எச்சரிக்கை தேவை. கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி ஒன்று போதும். நீரில் நிறங்காட்டியைப் போட்டால் செந்நிறமாகும். பிறகு சொட்டு சொட்டாக மருந்து விட்டு, நிறம் நீலமாக மாறும் வரை எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். சொட்டு கூடினால் கடினம் கூடுதல்; முதல் சொட்டிலேயே நீலமானால் மென்னீர். முன்பு சொன்ன சிறு குழாயில் பிடித்த நீர் மென்மையாகவும், மாடித் தொட்டிக்குள் அதே நேரத்தில் விழும் நீர் கடினமாகவும் இருந்தால் இயந்திரம் நிரபராதி. மூன்றாவது வால்வை மாற்றினால் போதும். சிறு குழாயிலேயே கடினம் தெரிந்தால்தான் உப்பையும் ரெசினையும் பார்க்க வேண்டும். கோலார் பக்கத்து போர்வெல்களின் ஃபுளோரைடையோ, கிருமிகளையோ சாஃப்ட்னர் எடுக்காது என்பதையும் மறக்கக்கூடாது. அதற்கு வேறு சோதனை, வேறு கருவி.

வேலை முடிந்து பிளம்பர் கருவிப் பையைக் கட்டும் முன் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. மூன்று வால்வுகளிலும் 1, 2, 3 என்று பெயின்டால் எழுத வேண்டும். எதை எப்போது திறப்பது என்று இரண்டு வரி எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ஒரு முறை திருப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். குழாய் வேலை தெரிந்தவர் வெளியூர் போயிருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இயந்திரம் மக்கர் செய்யும். அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊறுகாய் மறுக்கப்பட்ட பெரியவர் நடந்து போய், மூன்றாவது வால்வைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். வாளியும் கயிறும் பரணிலேயே இருக்கட்டும்.